பிரேக் நாளில் ஓடிய ஜீப்

வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டிய அறையில் பதினொரு வருஷம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று இங்கிலீஷ், ஒன்று மலையாளம். வக்கீல்கள் கையால் எழுதிக் கொண்டுவரும் மனுக்களையும் அஃபிடவிட்டுகளையும் சுத்தமாக அடித்துக் கொடுப்பது என் வேலை. வாகன விபத்து நஷ்டஈட்டு மனுக்கள்தான் அதில் அதிகம். அந்த மனுக்களில் ஒரு வரி மட்டும் மாறவே மாறாது. 'முதல் எதிர்மனுதாரரான டிரைவர் வண்டியை வேகமாகவும் கவனமில்லாமலும் ஓட்டியதுதான் இந்த விபத்துக்கு முழுக் காரணம்.' லாரியோ பஸ்ஸோ ஆட்டோவோ, எல்லாவற்றுக்கும் அதே வரிதான். எழுதின காகிதத்தைப் பார்க்காமலே என் விரல் அதை அடித்துவிடும். அந்த டிரைவர் யார், அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் ஒரு தடவையும் யோசித்ததில்லை.

எங்கள் வீடு ஆரியசாலையில், ஒரு சந்துக்குள். என் வீட்டுக்காரர் சாலைக் கம்போளத்தில், சாலை என்று சுருக்கிச் சொல்லும் பெரிய கடைத்தெருவில், ஒரு பலசரக்கு மொத்தக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம். நான் பிறந்தது, படித்தது எல்லாம் திருவனந்தபுரத்தில். அதனால் எனக்கு இரண்டு பாஷையும் ஒன்றுபோலத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஓணத்துக்கு முந்தைய வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் கார்பன் தாளும் ரிப்பனும் வாங்கச் சாலைக்குப் போனேன். ஓணச் சமயத்தில் சாலைக் கம்போளத்தில் நடக்கவே இடமிருக்காது. பேப்பர் கடைக்குப் போகும் குறுக்குச் சந்தில், ஒரு இரும்புச் சாமான் கடை வாசலில், ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. முன்னால் பஞ்சாயத்து போர்டு. நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு கிராமப் பஞ்சாயத்தின் ஜீப். எந்தப் பஞ்சாயத்து என்று சொல்லப்போவதில்லை. சொல்லி இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

கடைக்காரர்கள் ஜீப்பின் பின்னால் ஒரு கனத்த சாக்குப் பையை ஏற்றினார்கள். புதுவீட்டுக் கதவுக்கான கீல், தாழ்ப்பாள் இதெல்லாம் அதில் இருந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. டிரைவர் பக்கத்து ஸீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். எனக்குப் பின்னால் ஒரு கைவண்டி இரும்புக் குழாய்களோடு வந்து நின்றதால் நான் ஜீப்புக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னதும் தெளிவாகக் காதில் விழுந்தது.

"எடுக்கெடோ. ஆளுகள் மாறிக்கொள்ளும்."

வண்டியை எடு, ஆட்கள் விலகிக்கொள்வார்கள் என்று அர்த்தம். ஜீப் பின்னால் வந்தது. நான் வலது கையை நீட்டித் தடுக்கப் பார்த்தேன். கை, ஜீப்பின் பின்கதவுக்கும் ஒரு குழாயின் முனைக்கும் நடுவில் அகப்பட்டது. வலி அப்போது தெரியவில்லை. கார்பன் தாள் வாங்கவில்லையே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

டிரைவர்தான் குதித்து இறங்கி என்னைத் தூக்கினார். அந்த ஜீப்பிலேயே பின்ஸீட்டில் படுக்க வைத்தார்கள். அந்தச் சாக்குப் பை என் காலில் இடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக் காஷுவாலிட்டியில் யாரோ அதிகாரமாகப் பேசினார்கள், உடனே ஒரு டாக்டர் வந்தார். அதற்குமேல் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார். டிரைவர் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டைக்காரரைக் காணவில்லை.

வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிப்போயிருந்தன. வெட்டி எடுக்கவில்லை. இரண்டு ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, விரல்களைத் தக்கவைத்தார்கள். ஆனால் அவை மடங்கவில்லை. இங்கிலீஷ் மெஷினில் அந்த இரண்டு விரலுக்கு மட்டும் ஒன்பது கட்டை உண்டு. மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன ஊனம். எனக்கு அது தொழில்.

டிரைவர் மூன்றாம் நாள் வார்டுக்கு வந்தார். பாறசாலைப் பக்கத்து ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒரு பையில் ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். தப்பு தன்னுடையதுதான், திரும்பிப் பார்த்திருக்கணும் என்று சொன்னார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் யார் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் வார்டு வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, பஞ்சாயத்து செக்ரட்டரி என்றார். ஆனால் அதை வெளியே சொல்ல வேண்டாம், தன் வேலை போய்விடும் என்று கெஞ்சினார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் உட்கார்ந்திருந்தால் என்ன, இடித்தது பஞ்சாயத்து ஜீப், பஞ்சாயத்துதானே பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தோம்.

நான் பல வருஷம் மனு அடித்துக் கொடுத்த ஒரு வக்கீல், கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர், கேஸை எடுத்துக்கொண்டார். அவர் விசாரித்ததில் முதல் சங்கதி வெளியே வந்தது. ஜீப்பின் இன்ஷூரன்ஸ் முடிந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டிய ஃபைல் ஏதோ மேஜையில் கிடந்திருக்கிறது. அதனால் நஷ்டஈட்டைப் பஞ்சாயத்தே தன் பணத்திலிருந்து கொடுத்தாக வேண்டும். 'இனி அவா சும்மா விடமாட்டா, கடைசி வரைக்கும் பிடிச்சுத் தொங்குவா' என்று வக்கீல் அன்றே சொன்னார்.

மனுவை வேறொரு பெண் டைப் அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். அந்தப் பழைய வரி வந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. வண்டியை எடுக்கச் சொன்னது செக்ரட்டரி, அவசரம் அவருடையது, அதை எழுதவேண்டாமா என்று வக்கீலிடம் கேட்டேன். செக்ரட்டரியையும் ஒரு எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நன்னாக் கேட்டுக்கோங்கோ. டிரைவர் தப்புப் பண்ணலேன்னா பஞ்சாயத்து எதுக்குக் குடுக்கணும்? அவன் மேல குத்தம் நின்னாத்தான் எஜமான் மேல பொறுப்பு ஏறும். சட்டம் அந்த வழியாத்தான் போறது."

செக்ரட்டரியைச் சேர்த்தால் கேஸ் சிக்கலாகும், அவர் சொந்த வேலைக்கு ஓட்டினது, பஞ்சாயத்துக்குப் பொறுப்பில்லை என்று நாமே எடுத்துக்கொடுத்தது போல ஆகிவிடும் என்றும் சொன்னார். எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை. அத்தனை வருஷம் நான் பார்க்காமல் அடித்த வரிக்குக் கீழே இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

இதற்கிடையே போலீஸ் கேஸ் தனியாக நடந்தது. டிரைவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டார். செக்ரட்டரிதான் அப்படிச் செய்யச் சொன்னாராம். பேசாமல் ஒத்துக்கொள், ஒரே நாளில் முடிந்துவிடும், உன்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஜீப்பில் வேறு யார் இருந்தார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. டிரைவரும் சொல்லவில்லை.

எங்கள் நஷ்டஈட்டு மனுவை விசாரித்த டிரிபியூனலில் பஞ்சாயத்தின் பதில் மனு வர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. வாய்தா வாய்தாவாகக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் தாக்கல் செய்தார்கள். அதை நான் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபடியே படித்தேன்.

அதில் இருந்தது இதுதான். விபத்து நடந்த அன்று அந்த டிரைவர் பஞ்சாயத்தின் ஊழியரே அல்ல. தினக்கூலி டிரைவர்களை நூற்றி எழுபத்தொன்பது நாளுக்குத்தான் நியமிப்பார்கள். அது முடிந்ததும் ஒரு நாள் பிரேக் கொடுத்து, மறுநாள் புதிதாக இன்னொரு நூற்றி எழுபத்தொன்பது நாளுக்கு எடுப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று பயந்து செய்யும் ஏற்பாடு. விபத்து நடந்தது சரியாக அந்தப் பிரேக் நாளில். அன்று செக்ரட்டரியும் லீவு, லீவு விண்ணப்பம் இணைக்கப்பட்டுள்ளது. ஜீப்புக்கு அன்று எந்த ஓட்டமும் இல்லை, ஓட்டத்தைப் பதியும் லாக் புத்தகம் இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே டிரைவர் யாருடைய அனுமதியும் இல்லாமல், அலுவலகத்திலிருந்து சாவியை எடுத்து, தன் சொந்தக் காரியத்துக்கு ஜீப்பை ஓட்டிப்போயிருக்கிறார். பஞ்சாயத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் அன்றைக்கு டிரைவர் வேலையில் இல்லை, செக்ரட்டரி ஊரில் இல்லை, ஜீப் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் மட்டும்தான் சாலையில் நின்றிருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த வாரமே பஸ் ஏறி அந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். வக்கீலிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். அவரேதான். அதே வெள்ளைச் சட்டை, அதே முகம். என்னை உட்காரச் சொன்னார். டீ கொண்டுவரச் சொன்னார். நான் அவரை நேராகப் பார்த்து, அன்றைக்கு நீங்கள்தான் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள் என்றேன்.

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "ஞான் அன்னு லீவிலாயிருந்நு," என்றார். அன்றைக்கு நான் லீவில் இருந்தேன், அவ்வளவுதான். பிறகு மேஜைமேல் இருந்த என் வலது கையைப் பார்த்தார். "இப்பொழும் வேதனையுண்டோ?" என்று கேட்டார்.

இப்போதும் வலிக்கிறதா என்று அவர் கேட்டது கேலியாக இல்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தாலோ வெளியே போ என்று சொல்லியிருந்தாலோ எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லவேண்டியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வாய்தாவிலேயே போயிற்று. ஒருதடவை ஜட்ஜ் மாற்றலாகிப் போனார். ஒருதடவை வக்கீல்கள் கோர்ட் பகிஷ்கரித்தார்கள். ஒருதடவை பஞ்சாயத்து வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. மெடிக்கல் போர்டுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே மூன்று டாக்டர்கள் விரலை மடக்கிப் பார்த்து, முழு உடம்புக்குக் கணக்குப் போட்டால் எட்டு சதவீதம் ஊனம் என்று சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். நான் டைப்பிஸ்ட் என்று சொன்னேன். அதைக் கோர்ட்டில் சொல்லுங்கள், இங்கே விரலை மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள்.

கடையில் என்னை வைத்துக்கொண்டார்கள், ஆனால் சரிபார்க்கும் வேலைக்கு. மற்றப் பெண்கள் அடிப்பதைப் படித்துத் திருத்துவேன். மிச்ச விரல்களால் அடிக்கப் பழகியும் பார்த்தேன். ஒரு பக்கம் அடிக்க முன்பு ஆன நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆயிற்று. வக்கீல் குமாஸ்தாக்கள் காத்து நின்று பார்த்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர், இதை விட்டுவிடலாம், கோர்ட்டுக்கு அலைந்தே உன் ஆயுசு போகிறது என்றார். அதை அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் டிரைவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். ஆளே மாறியிருந்தார். பிரேக் நாளுக்குப் பிறகு அவரைப் பஞ்சாயத்தில் திரும்ப எடுக்கவே இல்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று செக்ரட்டரி சொல்லிக்கொண்டே இருந்து, பிறகு அவரே வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இவர் கடன் வாங்கி ஒரு குட்ஸ் ஆட்டோ எடுத்துச் சாலையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். டிரிபியூனல் நோட்டீஸ் வந்தும் இவர் போகவில்லை. போகாமல் இருந்தால் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தார். இப்போது யாரோ ஒரு குமாஸ்தா மூலமாகப் பஞ்சாயத்தின் பதில் மனுவில் தன்னைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"இடிச்சது நான்தான் சேச்சி. அத எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்," என்றார். "பட்சே நான் கள்ளன் இல்ல. வண்டிய நான் கட்டுக்கொண்டு போகல."

கட்டுக்கொண்டு என்றால் திருடிக்கொண்டு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சமையலறை வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிரேக் நாள் காலையில் செக்ரட்டரியே அவர் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து கூப்பிட்டிருக்கிறார். சாலைக்குப் போய்த் தன் புது வீட்டுக்குச் சாமான் வாங்கவேண்டும், ஆட்டோவில் கொண்டுவர முடியாது, நாளைக்கு உன் புது ஆர்டரில் கையெழுத்துப் போடப்போவது நான்தானே என்றாராம். இவர் போயிருக்கிறார். போகாமல் எப்படி இருக்க முடியும்?

டிரைவர் கோர்ட்டில் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சாயத்து வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார். செக்ரட்டரி ஜீப்பில் இருந்தார் என்று போலீசிடம் சொன்னீர்களா? இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் சொன்னீர்களா? இல்லை. அப்படியானால் இது வேலை போன கோபத்தில் இட்டுக்கட்டியது, இல்லையா? இல்லை என்று டிரைவர் சொன்னார். சொன்னாலும் அவர் குரல் அடங்கிப்போயிற்று. நான் சொன்னதையும் அவர்கள் ஏற்கவில்லை. நஷ்டஈடு கேட்பவள், வேறெப்படிச் சொல்வாள் என்றார்கள். கைவண்டிக்காரரைத் தேடிப்போனால், அந்தச் சந்துக்குள் தினம் நடப்பது எதையும் தான் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். இரும்புக் கடைக்காரர், தன் கடைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள் என்றார். வக்கீல், பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்னால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். பதினொரு வருஷம் அவருக்கு டைப் அடித்தவளுக்கு அது தெரியும்.

வாதத்துக்கு முந்தின வாரம் எல்லா ரிக்கார்டையும் காப்பி எடுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கொடுத்த காயச் சர்டிஃபிகேட்டின் நகல் கைக்கு வந்தது. எத்தனையோ தடவை பார்த்த காகிதம். எல்லோரும் அதில் நடுவில் இருக்கும் காயத்தின் விவரத்தைத்தான் படிப்பார்கள். மேலே, கொண்டுவந்தவர் யார் என்ற கட்டத்தில் டாக்டர் ஒரு கிறுக்கல் கிறுக்கியிருந்தார். டிரைவரின் பெயர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் டிரைவரின் பெயர் அவ்வளவு நீளம் கிடையாது. வக்கீல்களின் கோணல் எழுத்தைப் படித்தே பிழைத்தவள் நான். காகிதத்தை வெயிலில் பிடித்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு பெயர், அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை. அந்த இரண்டாவது வார்த்தை செக்ரட்டரி என்பதன் சுருக்கம்.

காஷுவாலிட்டியில் அதிகாரமாகப் பேசினது அவர்தான். டாக்டர் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காகத் தன் பெயரையும் பதவியையும் சொல்லியிருக்கிறார். டாக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அதைச் செய்தார் என்பதையும் நான் மறைக்க முடியாது.

நகல் போதாது, ஆஸ்பத்திரியின் மூலப் பதிவேடு வேண்டும் என்றார்கள். அதை வரவழைக்க எட்டு மாசம். பதிவேட்டைக் கொண்டுவந்த குமாஸ்தா அதைக் கூண்டில் திறந்து காட்டியபோது, மை கொஞ்சமும் மங்காமல் இருந்தது. பஞ்சாயத்து வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, குறுக்கு விசாரணை இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. டிரைவருக்கு அன்று நியமன ஆர்டர் இருந்ததா இல்லையா என்பது பெரிய விஷயமல்ல. பஞ்சாயத்தின் வண்டி, அதைப் பார்த்துக்கொள்ளவேண்டிய செக்ரட்டரியின் சம்மதத்தோடு, அவர் கூடவே இருக்கும்போது ஓடியிருக்கிறது. அவர் போன காரியம் சொந்தக் காரியமாக இருந்தாலும் அதை வைத்து விபத்தில் பட்டவரைத் திருப்பி அனுப்ப முடியாது. வண்டிக்குச் சொந்தக்காரரான பஞ்சாயத்து நஷ்டஈடு கொடுக்கவேண்டும். நான் ஆசைப்பட்டது எல்லாம் அதில் இருந்தது. ஆனால் தீர்ப்பின் முதல் முடிவு, விபத்துக்குக் காரணம் டிரைவரின் கவனக்குறைவு என்பதுதான். கடைசிப் பத்தியில், கொடுத்த தொகையைச் சட்டப்படி டிரைவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளப் பஞ்சாயத்துக்கு உரிமை உண்டு என்றிருந்தது. செக்ரட்டரியைப் பற்றி, அவர் இந்த வழக்கில் ஒரு தரப்பினர் அல்ல என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

"ஜெயிச்சாச்சு, அதைப் பாருங்கோ," என்றார் வக்கீல்.

பஞ்சாயத்து எறணாகுளத்துக்கு, ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போயிற்று. அங்கே இன்னும் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் வஞ்சியூரில் டைப் மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஹைகோர்ட்டில் பஞ்சாயத்தின் புது வாதம் என்ன தெரியுமா? டைப் தொழிலே இல்லாமல் போய்விட்டது, விரல் நன்றாக இருந்திருந்தாலும் மனுதாரருக்கு அந்த வருமானம் நின்றுபோயிருக்கும், ஆகவே தொகையைக் குறைக்கவேண்டும் என்றார்கள். வழக்கை இழுத்தடித்தது அவர்கள். அந்த வருஷங்களைக் காட்டியே குறைக்கச் சொன்னதும் அவர்கள். ஹைகோர்ட் கொஞ்சம் குறைத்து, மற்றபடி தீர்ப்பை உறுதி செய்தது.

பணம் வந்து ஆறு மாசம் கழித்து டிரைவர் ஒரு காகிதத்தோடு வந்தார். பஞ்சாயத்திலிருந்து வசூல் நோட்டீஸ். எனக்குக் கொடுத்த தொகையை அவர் திருப்பிக் கட்டவேண்டும், இல்லையென்றால் அவருடைய வீட்டு மனையை ஜப்தி செய்வோம் என்றிருந்தது. விபத்தன்று தன் ஊழியரே அல்ல என்று பத்து வருஷம் சொன்ன ஆபீஸ், இப்போது 'பஞ்சாயத்தின் டிரைவராகப் பணிபுரிந்த' என்று அவர் பெயருக்கு முன்னால் போட்டிருந்தது.

நானும் அவரும் சேர்ந்து பஞ்சாயத்துக்குப் போனோம். புது செக்ரட்டரி ஒரு சின்ன வயதுப் பெண். மரியாதையாகப் பேசினார். ஃபைல் முழுவதும் படித்திருந்தார். பழைய செக்ரட்டரியிடம் வாங்கலாமே என்று நான் கேட்டேன். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், இத்தனை வருஷத்துக்கு முந்தைய விஷயத்துக்கு இனி அவர்மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்றார். டிரைவரிடம் வாங்கித்தான் ஆகவேண்டுமா என்றேன்.

"நான் ரிகவர் செய்யாவிட்டால் ஆடிட்டில் என் மேல் எழுதுவார்கள் மேடம்," என்றார். "அப்புறம் என் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள்."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவர்மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

வக்கீலிடம் போனோம். ஆட்சேபணை மனு போடலாம், டிரைவர் மேலதிகாரியின் உத்தரவில்தான் ஓட்டினார் என்று வாதாடலாம், ஃபீஸ் வேண்டாம் என்றார். நான் அதை எழுதித் தயார் செய்தேன். டிரைவர் வந்து கையெழுத்துப் போடவேண்டும். அவர் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துச் சாலையில் என் வீட்டுக்காரர் வேறொருவரிடம் விசாரித்ததில்தான் தெரிந்தது, அவர் குட்ஸ் ஆட்டோவை விற்றுப் பாதியைக் கட்டிவிட்டு, மிச்சத்தைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று. நான் அவர் வீட்டுக்கே போனேன். எனக்கு வந்ததிலிருந்து தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"அது சேச்சியோட விரலுக்குக் கிட்டின பணம்," என்றார் அவர். "அத நான் எப்படி வாங்கறது? இன்னும் கோர்ட்டுக்கு நடக்க என்னால பற்றாது."

முடியாது என்பதைத்தான் அவர் பற்றாது என்றார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. வக்கீலிடம் திரும்ப வந்து, இதை இனி எப்படியாவது நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவனே மனசாரக் கட்ட ஆரம்பிச்சப்புறம் யார் என்ன பண்ண முடியும் என்றார் அவர். நான் ஆத்திரத்தில் அவரிடம் கத்திவிட்டேன். அன்றைக்கே செக்ரட்டரியை எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்டேன். சேர்த்திருந்தா நீங்கோ தோத்திருப்பேள் என்றார். அது சரியாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

தகவல் உரிமைச் சட்டம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த விபத்துக்காக அப்போதைய செக்ரட்டரிமேல் பஞ்சாயத்து என்ன நடவடிக்கை எடுத்தது என்று கேட்டு நானே ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். ஒரு மாசத்தில் பதில் வந்தது. அது தொடர்பான கோப்பு எதுவும் இந்த அலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரி. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் அச்சடித்திருந்தது. செய்தேன். அதற்கும் அதே வரிதான் வந்தது.